மசூலிப்பட்டினத்து டாக்டர் தொடங்கிய வங்கி

மதராஸ் மாகாணத்து மனிதர்கள் – 17

சென்ற இதழில் 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலான கதையைப் பார்த்தோம். வெள்ளைக்காரன் கம்பெனி, பணம் எங்கே போய்விடப் போகிறது என்று நம்பிப் போட்டவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியை ஆரம்பித்தார். ஏறக்குறைய அதே காலத்தில், மதராஸுக்கு வடக்கே, கிருஷ்ணா நதி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள மசூலிப்பட்டினத்தில், இளம் டாக்டர் ஒருவர் வைத்தியத் தொழில் தொடங்கியிருந்தார். பெயர் போகராஜு பட்டாபி சீதாராமய்யா.

இந்தப் பெயரை நம்மவர்கள் கேள்விப்பட்டிருந்தால் அது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் இருக்கும். 1939-ல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸிடம் தோற்றவர் இவர். தோற்றது இவர், ஆனால் இந்தத் தோல்வி என்னுடையது என்று காந்தி சொல்லிவிட்டதால், எல்லோருக்கும் காந்தி சொன்னது நினைவிருக்கிறது, தோற்றவர் மறந்துபோய்விட்டார். தன் தோல்விகூடத் தன் பெயரில் நிற்காத மனிதர்! என்னைக் கேட்டால், பட்டாபியின் வாழ்க்கையில் அந்தத் தேர்தல் மூன்றாவது நான்காவது இடத்தில் வரவேண்டிய சங்கதி. முதலிடம் 1923 நவம்பர் 28-ஆம் தேதிக்கு. அன்றைக்குத்தான் மசூலிப்பட்டினத்தில் ஆந்திரா வங்கி கதவு திறந்தது.

1880 நவம்பர் 24-ல் ஏலூருக்கு அருகிலுள்ள குண்டுகொலனு கிராமத்தில் பிறந்தவர் பட்டாபி. வசதியில்லாத குடும்பம். மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் எம்.பி., சி.எம். பட்டமும் வாங்கினார். அந்தக் காலத்தில் அந்தப் பட்டம் கையில் இருந்தால் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மசூலிப்பட்டினத்தில் கை ராசியான டாக்டராகப் பத்தாண்டு போல ஓட்டியவர், 1916 வாக்கில் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பொதுவாழ்வுக்கு வந்துவிட்டார்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1611-லேயே ஆங்கிலேயர் வந்து வியாபாரக் கிடங்கு போட்ட துறைமுகம் அது. கலம்காரித் துணிக்குப் பேர்போனது. 1864 நவம்பரில் அடித்த புயலில் கடல் ஊருக்குள் புகுந்து சுமார் 30,000 பேரை வாரிக்கொண்டு போனது. அதற்கப்புறம் துறைமுகம் பழைய நிலைக்கு வரவேயில்லை. கடல் வியாபாரம் படுத்தது. ஆனால் நிலம் நிமிர்ந்தது. 1850-களில் பெஜவாடாவில் கிருஷ்ணாவுக்குக் குறுக்கேயும், தவளேஸ்வரத்தில் கோதாவரிக்குக் குறுக்கேயும் அணைக்கட்டுகள் வந்ததிலிருந்து டெல்டாவில் நெல் கொழித்தது. விவசாயி கையில் வருஷத்துக்கு இரண்டு தடவை காசு புரண்டது. அறுவடை முடிந்தால் பணம். நடவு வந்தால் கடன். இடையில் நின்று சம்பாதித்தவர் லேவாதேவிக்காரர். ஒரு பக்கம் நெல் விற்ற பணம் மதராஸ் பெரிய கம்பெனிகள் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் அதே ஊர்க்காரர் நிலத்தை எழுதிக்கொடுத்துக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஊரில் விளையும் பணம் ஊரிலேயே சுற்ற வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றியது இங்கேதான். 1915-ல் கிருஷ்ணா மாவட்டக் கூட்டுறவு மத்திய வங்கியை அமைத்தது அவருடைய முதல் அடி. கூட்டுறவுச் சட்டம் 1904-ல் வந்தது; மத்திய வங்கிகளுக்கு 1912 சட்டம் வழிவிட்டது. பட்டணத்தில் டெபாசிட் வாங்கி, கிராமத்துச் சங்கங்களுக்குக் கொடுத்து, சங்கம் விவசாயிக்குக் கொடுப்பது அதன் வேலை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நெல் மண்டிக்காரருக்கும் ஜவுளிக் கடைக்காரருக்கும் சிறு ஆலை வைத்தவருக்கும் அது போதாது. அவர்களுக்கு உண்டியல் மாற்றவும், சரக்கின் பேரில் முன்பணம் வாங்கவும் ஒரு வர்த்தக வங்கி வேண்டும். இம்பீரியல் வங்கி இருந்தது. அதன் படியேறும் தகுதி இந்த மாதிரி ஆட்களுக்கு இல்லை.

1923 நவம்பர் 20-ல் ஆந்திரா வங்கி பதிவாயிற்று. எட்டு நாளில் வியாபாரம் ஆரம்பம். அனுமதிக்கப்பட்ட மூலதனம் 10 லட்சம் ரூபாய். கையில் வந்து சேர்ந்த மூலதனம் 1 லட்சம். இந்த இரண்டு எண்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும். பத்து கேட்டு ஒன்றோடு ஆரம்பித்திருக்கிறார். அதற்குப் பத்தாண்டு முன்னால், 1913-ல் லாகூர் பீப்பிள்ஸ் வங்கி மூடிக்கொண்டு, அதைத் தொடர்ந்து வரிசையாகப் பல சுதேசி வங்கிகள் சாய்ந்திருந்தன. அதே 1923 ஏப்ரலில் சிம்லா அலையன்ஸ் வங்கி விழுந்தது. அது வெள்ளையர் நிர்வாகத்தில் இருந்த பெரிய வங்கி. நாட்டில் வங்கி என்றாலே ஜனங்கள் பயந்திருந்த வருஷம் அது. வங்கித் தொழிலில் ஒருநாள்கூடக் குமாஸ்தாவாக உட்காராத ஒரு டாக்டர், டெல்டா விவசாயிகளிடம் போய் உங்கள் பணத்தை என்னிடம் கொடுங்கள் என்கிறார். கொடுத்தார்கள். நாடி பிடித்துப் பார்த்த கை என்ற நம்பிக்கை அதில் பாதியாவது இருந்திருக்கும்.

ஆந்திரா என்ற பெயரில் அப்போது மாநிலம் கிடையாது. மதராஸ் மாகாணத்தின் வடக்கு ஜில்லாக்கள்தான். மாநிலம் பிறந்தது 1953-ல். வங்கி அதைவிட முப்பது வயது மூத்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. 1925-ல் ஆந்திரா இன்சூரன்ஸ் கம்பெனி. 1927-ல் நில அடமான வங்கி. 1935-ல் ஹிந்துஸ்தான் ஐடியல் இன்சூரன்ஸ். வரிசையைக் கவனித்தால் கணக்கு புரியும். வர்த்தக வங்கி குறுகிய காலக் கடன்தான் கொடுக்க முடியும். டெபாசிட்காரர் நாளைக்கே பணத்தைத் திரும்பக் கேட்பார். கிணறு வெட்டவும் பழைய கடனை அடைக்கவும் பத்து இருபது வருஷத் தவணை வேண்டும். அதற்கு நில அடமான வங்கி. நீண்ட நாள் கையிலேயே தங்கும் பணம் எங்கே கிடைக்கும்? இன்சூரன்ஸ் பிரீமியத்தில். ஒவ்வொரு நிறுவனமும் முந்தையதன் குறையை அடைக்க வந்தது. மேடையில் சுதேசி பேசியவர்கள் ஆயிரம் பேர் உண்டு. அதற்குப் பற்று வரவு எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பட்டாபி அன்றைக்குக் கெட்டியான காந்தியவாதி. சட்டசபைக்குள் போகலாமா கூடாதா என்று காங்கிரஸ் இரண்டாகப் பிளந்து நின்றபோது, போகவே கூடாது என்ற கட்சியில் இருந்தவர். வங்கி திறந்த ஒரே மாதத்தில், 1923 டிசம்பர் கடைசியில், பக்கத்துக் காக்கிநாடாவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. பேச்செல்லாம் அந்தச் சண்டைதான். சர்க்காரின் சட்டசபை வேண்டாம் என்றவர், சர்க்காரின் கம்பெனிச் சட்டப்படி வங்கியைப் பதிவு செய்து நடத்திக்கொண்டிருந்தார். முரண்பாடு என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் குறை தெரியவில்லை. சட்டசபை நாற்காலி சர்க்கார் கொடுப்பது. வங்கி ஊரார் கொடுத்தது.

வங்கிக்கு முன்பே அவர் கை வைத்த இன்னொரு காரியம் 1910-ல் தொடங்கிய ஆந்திர ஜாதீய கலாசாலை. கோபல்லெ ஹனுமந்தராவும் முட்னூரி கிருஷ்ணராவும் கூட்டாளிகள். சர்க்கார் உதவியில்லாமல் நடந்த தேசியக் கல்விக்கூடம் அது. தேசியக் கொடிக்கு வடிவம் கொடுத்து 1921-ல் பெஜவாடாவில் காந்தியிடம் காட்டினாரே பிங்கலி வெங்கய்யா, அவர் அங்கே ஆசிரியராக இருந்தவர். 1919 முதல் பட்டாபி ‘ஜன்மபூமி’ என்ற ஆங்கில வாரப் பத்திரிகையும் நடத்தினார். பள்ளி, பத்திரிகை, வங்கி, இன்சூரன்ஸ். ஒரு மாநிலத்துக்கு வேண்டிய உறுப்புகளை, மாநிலம் வருமுன்பே ஒவ்வொன்றாகச் செய்துவைத்தார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

மாநிலக் கோரிக்கையிலும் அவர் முன்வரிசை. 1917-ல், மதராஸ் காங்கிரஸ் கமிட்டியிலிருந்து பிரித்து ஆந்திரத்துக்கென்று தனிக் கமிட்டி வேண்டும் என்று வாதாடினார். அன்னி பெசன்ட் எதிர்த்தார். காந்தி, இப்போது அவசரமில்லை, பொறுக்கலாம் என்றார். திலகர் இவர் பக்கம் நின்றார்; கமிட்டி கிடைத்தது. மொழிவாரியாகக் கட்சியை அமைக்கும் ஏற்பாட்டுக்கு அதுதான் தொடக்கம். பின்னால் நம் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி என்று தனியே ஒன்று அமைந்ததும் அந்தப் பாதையில்தான்.

1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை. 1932, 33-லும் சிறை. 1935-ல் காங்கிரஸின் பொன்விழாவுக்கு ஆயிரம் பக்கத்துக்கு மேல் கட்சியின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். கட்சியே அதிகாரபூர்வமாக வெளியிட்டது. முன்னுரை ராஜேந்திர பிரசாத். இரண்டாம் பாகம் 1947-ல் வந்தது. தீர்மானம், தேதி, ஓட்டுக் கணக்கு என்று அடுக்கிக்கொண்டே போவார். விறுவிறுப்புக்காக அதைப் படிக்க முடியாது. ஆனால் இன்றைக்கும் அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது.

இனி 1939. போஸ் இரண்டாம் முறையும் தலைவராக வேண்டும் என்று நின்றார். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. முதலில் மௌலானா ஆசாத் பெயர் வந்தது, அவர் விலகிக்கொண்டார். மிச்சமிருந்தது பட்டாபி. ஜனவரி 24-ல் பர்தோலியிலிருந்து படேல், ராஜேந்திர பிரசாத், கிருபளானி முதலான காரியக் கமிட்டி உறுப்பினர்கள் ஏழு பேர் பட்டாபியை ஆதரித்து அறிக்கை விட்டார்கள். 29-ஆம் தேதி ஓட்டெடுப்பு. போஸுக்கு 1,580, பட்டாபிக்கு 1,377. வித்தியாசம் 203. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் காந்திக்கும் போஸுக்கும் இடையிலான கதை. ஏப்ரலில் போஸ் ராஜினாமா செய்தபோது, அந்த நாற்காலியில் ராஜேந்திர பிரசாத் உட்கார்ந்தார். மூன்று மாதம் முன்பு 1,377 ஓட்டு வாங்கியவரைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அவசரத்துக்கு நிறுத்தப்பட்ட வேட்பாளர்தான் அவர் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

அந்தத் தேர்தலுக்கு ஆறேழு மாதம் முன்னால்தான், 1938 ஜூனில், தெற்கே திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடப்பட்டு டெபாசிட்காரர்கள் வீதிக்கு வந்தார்கள். தென்னிந்தியாவில் எந்தச் சிறு வங்கிக்கும் அன்று வயிற்றைக் கலக்கியிருக்கும். மசூலிப்பட்டினத்து வங்கி தப்பித்தது. போஸிடம் தோற்றதைவிட இந்தத் தப்பித்தல் பெரிய செய்தி என்பது என் கட்சி.

1942 ஆகஸ்ட் 9 அதிகாலையில் பம்பாயில் காரியக் கமிட்டியை வளைத்துப் பிடித்து அகமதுநகர் கோட்டையில் அடைத்தார்களே, அதில் பட்டாபியும் உண்டு. ஏறக்குறைய மூன்று வருஷம். அங்கே நேரு ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’ எழுதினார். ஆசாத் கடிதங்கள் எழுதினார். பட்டாபி நாட்குறிப்பு எழுதினார். ‘ஃபெதர்ஸ் அண்ட் ஸ்டோன்ஸ்’ என்று அது புத்தகமாக வந்தது. அரசியல் நிர்ணய சபைக்குப் போன பிறகு, டெல்லி போன்ற சீஃப் கமிஷனர் மாகாணங்களை என்ன செய்வது என்று ஆராய்ந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். டெல்லிக்கு லெப்டினன்ட் கவர்னரும் வேண்டும், சட்டசபையும் வேண்டும் என்று அந்தக் குழு 1947-லேயே சொன்னது. அப்போது அது எடுபடவில்லை.

1948-ல் புருஷோத்தம தாஸ் டாண்டனைத் தோற்கடித்துக் காங்கிரஸ் தலைவரானார். டாண்டன் வரக்கூடாது என்பதில் நேரு குறியாக இருந்தது இவருக்கு உதவியது. நேரு பிரதமர், படேல் துணைப் பிரதமர் என்றிருந்த நாளில் கட்சித் தலைவருக்கு என்ன அதிகாரம் மிஞ்சும்? பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அந்தப் பதவியில் இருந்தபடி அவர் போட்ட ஒரு கையெழுத்து தமிழர்களான நம்மைத் தொடுகிறது.

ஜெய்ப்பூர் மாநாட்டில் மொழிவாரி மாகாணப் பிரச்சினையை ஆராய மூன்று பேர் குழு அமைந்தது. ஜவாஹர்லால், வல்லபாய், பட்டாபி. முதலெழுத்தைச் சேர்த்து ஜே.வி.பி. குழு என்றார்கள். 1949 ஏப்ரலில் அறிக்கை வந்தது. மொழிவாரிப் பிரிவினைக்கு இது சமயமில்லை என்றது பொதுவான முடிவு. 1917-ல் காந்தி பொறுக்கச் சொன்னபோது பொறுக்காதவர், 1949-ல் மற்றவர்களைப் பொறுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதே அறிக்கை ஆந்திரத்துக்கு மட்டும் ஒரு கதவைத் திறந்து வைத்தது: முதலில் எடுத்துக்கொள்ளலாம், மதராஸ் நகரின் மேல் உரிமை கோருவதை ஆந்திரர்கள் விட்டுவிட்டால்.

ஆந்திரத்தில் கொதித்தார்கள். ‘மதராஸ் மனதே’ (மதராஸ் நமதே) என்று முழங்கிக்கொண்டிருந்த நேரம் அது. இந்தப் பக்கம் ம.பொ.சி. தலையைக் கொடுத்தாவது தலைநகரைக் காப்போம் என்று கிளம்பியிருந்தார். எல்லாவற்றிலும் அதிகமாகக் கொதித்தவர் டங்குடூரி பிரகாசம். அவருக்கும் பட்டாபிக்கும் ஆந்திரக் காங்கிரசில் நெடுநாள் அணிச் சண்டை. 1928-ல் சைமன் கமிஷன் எதிர்ப்பின்போது மதராஸ் வீதியில் போலீஸ் துப்பாக்கிக்கு முன் மார்பைத் திறந்து காட்டியவர் பிரகாசம்; ஜனங்கள் ஆந்திர கேசரி என்றார்கள். பட்டாபிக்கு அப்படிப் பட்டமும் இல்லை, கூட்டமும் இல்லை.

இரண்டு பேருக்கும் மதராஸ் ஒன்றாகத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். பிரகாசம் சம்பாதித்தது மதராஸ் ஹைகோர்ட்டில்; பத்திரிகை நடத்தியது மதராஸில்; மாகாணப் பிரதமராக இருந்தது மதராஸில். அவருக்கு அந்த ஊரை விடுவது உடம்பில் ஒரு பாகத்தை விடுவது. பட்டாபி கட்டியதெல்லாம் மசூலிப்பட்டினத்தில் இருந்தது. தவிர, வராத கடன் எது என்று தெரிந்து அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தை வசூல் செய்வது வங்கிக்காரர் புத்தி. மதராஸை அவர் வராத கடனாகப் பார்த்தார். இது என் ஊகம்தான். ஆனால் அடுத்து நடந்தவை அதற்கு ஒத்துப்போகின்றன.

1949 கடைசியில் முதலமைச்சர் குமாரசாமி ராஜா தலைமையில் பிரிவினைக் குழு உட்கார்ந்தது. எல்லாம் கூடிவந்தால் 1950 ஜனவரி 26-க்கே ஆந்திர மாநிலம் பிறந்திருக்கும். பிரகாசம் மாறுபட்ட குறிப்பு எழுதினார். காரியம் நின்றது. 1952 அக்டோபர் 19-ல் மயிலாப்பூரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் தொடங்கி 58 நாள் கிடந்து டிசம்பர் 15-ல் உயிரைவிட்டார். ஆந்திர ஜில்லாக்கள் பற்றி எரிந்தன. நான்கே நாளில் நேரு மாநிலம் அறிவித்தார். 1953 அக்டோபர் 1-ல் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் பிறந்தது. முதல் முதலமைச்சர் அதே பிரகாசம். மதராஸ் நம்மிடமே இருந்தது. அதாவது 1949-ல் பட்டாபி கையெழுத்திட்ட நிபந்தனைதான் 1953-ல் நிறைவேறியது. நடுவில் நாலரை வருஷமும் ஸ்ரீராமுலுவின் உயிரும் போயின. ஆந்திரத்தில் இதை இன்னும் துரோகம் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும், அவர்கள் துக்கம் அவர்களுக்கு. ஆனால் அன்றைய நிலவரத்தைப் பட்டாபிதான் சரியாகப் படித்திருந்தார்.

மாநிலம் பிறந்தபோது அவர் அங்கே இல்லை. 1952 ஜூலையில் மத்தியப் பிரதேச கவர்னராக நாகபுரிக்குப் போயிருந்தார். மொழிவாரி மாகாணத்துக்கு முன்வரிசையில் நின்று குரல் கொடுத்தவரின் கண்ணெதிரே, 1956 நவம்பர் 1-ல் அதே மொழிவாரிப் பிரிவினையில் அவருடைய மாநிலம் துண்டானது. மராத்தி பேசும் விதர்பா பம்பாயோடு போனது. நாகபுரி தலைநகர் அந்தஸ்தை இழந்தது. கவர்னர் போபாலுக்குக் குடிபெயர்ந்தார். ஆயுள் காப்பீடு தேசியமயமானதும் அந்த வருஷம்தான். அவர் ஊன்றிய இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஆயுள் காப்பீட்டு வியாபாரமும் எல்.ஐ.சி.க்குள் போனது. 1957 ஜூனில் பதவி முடிந்தது. கடைசிவரை மந்திரிப் பதவி எதிலும் அவர் உட்கார்ந்ததில்லை. 1959 டிசம்பர் 17-ல் ஹைதராபாத்தில் காலமானார்.

வங்கி அவருக்குப் பின்னும் வளர்ந்தது. தலைமை அலுவலகம் ஹைதராபாத்துக்குப் போனது. சைஃபாபாத்தில் உள்ள அந்தக் கட்டடத்துக்கு டாக்டர் பட்டாபி பவன் என்று பெயர். 1980 ஏப்ரல் 15-ல் இரண்டாம் சுற்று தேசியமயத்தில் அரசு வங்கியானது. இந்தியாவில் கிரெடிட் கார்டை முதலில் கொண்டுவந்த வங்கிகளில் அதுவும் ஒன்று. 2019-ல் மத்திய அரசு வங்கி இணைப்பு அறிவித்தபோது, இரண்டு தெலுங்கு மாநிலங்களிலும் எதிர்ப்பு எழுந்தது. பெயரையாவது விட்டுவையுங்கள் என்றார்கள். நடக்கவில்லை. 2020 ஏப்ரல் 1-ல், 97-ஆவது வயதில், ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடு சேர்க்கப்பட்டது.

அடுத்த இதழில் அவருடைய எதிரணிக்காரர்: டங்குடூரி பிரகாசம்.

(தொடரும்)